முதல் ஸ்டன்ட் பட்டம்: எது வாங்கலாம்?
வணக்கம். கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல இருக்கேன். ரெண்டு கயிறு பிடிச்சு, வலது கையை இழுத்தா வலப்பக்கம் திரும்புமே, அந்த ஸ்டன்ட் பட்டம் முதல்முறையா வாங்கப் போறேன்.

குச்சி வச்ச முக்கோண டெல்டாவா, குச்சியே இல்லாம காத்து நிரம்பிப் பறக்கிற ஃபாயிலா? கார்பன் குச்சி லேசு, ஆனா தரையில குத்தினா ஒடியும்; ஃபைபர் கிளாஸ் வளைஞ்சு கொடுக்கும். கத்துக்கறப்ப அடிக்கடி குத்தும்ங்கறதால மனசு ஃபைபர் பக்கம்தான்.

என் கவலை காத்து. இங்க புல்வெளியில ஒரு நிமிஷம் புல் நுனிகூட அசையாது, அடுத்த நிமிஷம் தொப்பியைத் தூக்கிட்டுப் போகும். போன வாரம் மகளோட சாதாப் பட்டம் அப்படித்தான் பைன் மரத்துல மாட்டிக்கிச்சு. வால் இன்னும் அங்க ஆடிட்டிருக்கு. பாவம், தினமும் போய்ப் பாத்துட்டு வர்றா.

இப்படி விட்டு விட்டு அடிக்கிற காத்துக்கு இறக்கை அகலம் எவ்வளவு இருக்கணும்? கயிறு 20 மீட்டர் போதுமா? மலையில பறக்கவிட்டவங்க சொல்லுங்க, ஆடிக் காத்துக்கு முன்னாடி வாங்கிடணும்.