மார்ச் 3 கிரகணம்: நிலா எழும்போதே பிடிக்க எங்கே நிற்பது?

கானாடுகாத்தான்_மாடி:
2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமியில் முழுச் சந்திர கிரகணம். முழு மறைவு மாலை 4.34 முதல் 5.33 வரை. அப்போது நமக்கு நிலா அடிவானத்துக்குக் கீழே. மிச்சத்தைப் பார்க்க வீட்டு மொட்டை மாடி போதுமா? ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, 70–300 மி.மீ. லென்ஸ், முக்காலி இருக்கின்றன. கோயில் கோபுரத்தோடு சேர்த்து எடுக்க ஆசை.

கண்மாய்க்கரை:
காரைக்குடிப் பக்கம் நிலா எழுவது 6.25 வாக்கில், நிழல் விலகி முடிவது 6.48. இருப்பது 23 நிமிடம், அதிலும் முதல் சில நிமிடங்கள் கைக்கு வராது. நிழல் நிலாவின் மேல் இடப்பக்கம் இருக்கும். ஆக, முதலில் தலைகாட்டுவதே இருண்ட விளிம்புதான். வெளிச்சமான கீழ்ப்பகுதி அடிவானப் புழுதியைத் தாண்டி வந்தால்தான் கண்ணில் படும். 6.30க்கு நிலாவைக் காணோம் என்று இடம் மாறிவிடாதீர்கள்.

6.48க்குக்கூட அதன் உயரம் 5 டிகிரியை ஒட்டித்தான். 100 மீட்டர் தள்ளி, கண்மட்டத்துக்கு மேல் 9 மீட்டர் நிற்கும் ஒரு தென்னை மொத்தத்தையும் மறைத்துவிடும். வெயிலில் காய்ந்த மாடித் தளம் சாயங்காலம் அனலைக் கக்குவதால் படமும் நெளியும். கண்மாயின் மேற்குக் கரையில் நின்று நீர்ப்பரப்பின் குறுக்கே பார்ப்பதே நல்லது.

திசை, நேர்கிழக்கிலிருந்து 6 டிகிரி வடக்கே. கையை நீட்டினால் நடு மூன்று விரல் அகலம் 5 டிகிரி. இரும்புக் கிராதி, உத்தரம் பக்கத்தில் இருந்தால் ஃபோன் காம்பஸை நம்பாதீர்கள். முதல் நாள் மாலையே போய்ப் பாருங்கள்: நிலா முக்கால் மணி நேரம் முந்தி, மறுநாள் எழும் இடத்துக்கு 6 டிகிரி இடப்பக்கம் எழும்.

முக்காலி_தேவகோட்டை:
உச்சி நிலாவுக்கு லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/250 விநாடி சரியாக வரும். 5 டிகிரி உயரத்தில் ஒளி பத்து மடங்கு காற்றைக் கடந்து வருவதால் இரண்டு, மூன்று ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/60 வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் எடுங்கள். ரா ஃபைல், டேலைட் ஒயிட் பேலன்ஸ், 2 விநாடி டைமர். முக்காலியில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய் அதுவே படத்தை ஆட்டும். மங்கலான நிலாவில் ஆட்டோஃபோகஸ் அலையும். தூரத்து செல்ஃபோன் கோபுரத்தில் லைவ் வியூவைப் பெரிதாக்கி மேனுவலில் ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

செம்புச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். அந்தி வானம் நிழல் விழுந்த பகுதியைவிட வெளிச்சம், அதனால் அங்கே கடித்து எடுத்ததுபோல் மட்டும் தெரியும். நிலாவில் காணும் ஆரஞ்சு நிறம் புழுதி தருவது.

கானாடுகாத்தான்_மாடி:
நன்றி அண்ணே. கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? ஃபோனில் எடுக்கக் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல?

கண்மாய்க்கரை:
தூரத்தை 110ஆல் வகுங்கள். அத்தனை மீட்டர் அகலம் நிலாவுக்குள் அடங்கும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றால் நிலா பெரிதாகத் தெரியும், ஆனால் 20 மீட்டர் கோபுரத்தின் உச்சியை அது மங்கலாக இருக்கும்போதே கடந்துவிடும். 400 மீட்டர் மேற்கே நில்லுங்கள். 6.39 வாக்கில் உச்சிக்கு வரும், நிழலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதற்குள் ஒரு நிலா அகலம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். கேமராவை நெடுக்காகத் திருப்பினால்தான் இரண்டும் சட்டத்துக்குள் அடங்கும்.

ஃபோன் என்றால் நைட் மோடை அணைத்து, நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தை இழுத்துக் குறைக்க வேண்டும். 10x50 பைனாகுலரில் கண் வைக்கும் கண்ணாடியில் ஃபோன் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் இன்னும் நன்றாக வரும், பைனாகுலரை ஏதாவது ஒன்றில் சாய்த்து நிறுத்தியிருந்தால்.

6.48 ஆனதும் மூட்டை கட்டாதீர்கள். புறநிழல், அதாவது பூமி நிழலின் மங்கலான வெளிப்பகுதி, 7.53 வரை உண்டு. முதல் இருபது நிமிடம் மேல் இடப்பக்கம் புகை படிந்ததுபோல் இருக்கும். ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்கினால் படத்தில் அது தெளிவாகப் பதியும்.