மில்டூராவில் குடியேறப் போறம்: வீடு, வெயில், சாப்பாடு பற்றி விவரம் வேணும்

உவர்மலை வாணி
வணக்கம். இவருக்கு அவுஸ்திரேலியாவின்ர 491 விசா (பெருநகரங்களுக்கு வெளிய வேலை செய்ய வாறவைக்குக் குடுக்கிற தற்காலிக விசா) சரிவந்திட்டுது. பெப்ரவரியில விக்டோரியாவில இருக்கிற மில்டூராவுக்குப் போறம், அஞ்சு வயசுப் பிள்ளையோட. சுத்திவர திராட்சைத் தோட்டம், கடல் எட்டாத தூரம் எண்டு சொல்லுகினம். வீட்டை இங்கயிருந்தே பிடிக்கலாமா? வெயில் எங்கட ஊர் மாதிரியா? மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன வழி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலையூற்றான்
தங்கச்சி, பெப்ரவரிதான் சிக்கல். திராட்சையும் பாதாமும் அறுவடையாகும் காலம் அது. வெளியூர்த் தொழிலாளர்கள் வந்து நிறைவதால் வாடகை வீடு லேசில் அகப்படாது. அதற்காகப் படத்தைப் பார்த்து ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். முதல் மூன்று, நாலு கிழமைக்குக் கரவன் பார்க்கில் ஒரு கபின் பதிந்துகொண்டு, ஜனவரியிலேயே வீட்டு முகவர்களுக்கு விண்ணப்பம் அனுப்பத் தொடங்குங்கள். அங்கே வாடகைக்கு இருந்த சான்று உங்களிடம் இருக்காது. அந்தக் குறையை ஈடுகட்ட வேலைக் கடிதம், விசாப் பிரதி, வங்கி இருப்புச் சான்று மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேணும்.

வாடகையைக் கிழமைக் கணக்கில் சொல்வார்கள். அதை நாலால் பெருக்கி மாதச் செலவு போட்டால் துண்டு விழும். 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேணும்: கிழமைக்கு 450 டொலர் என்றால் மாதம் 1,950. பொண்ட் பணம் (வீட்டுக்குக் கட்டும் பிணைப்பணம்) வழக்கமாக ஒரு மாத வாடகை. அது வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரச அமைப்பு ஒன்றில் வைப்பிலிடப்படும். குடிபுகுந்து ஐந்து வேலைநாளுக்குள் வீட்டு நிலை அறிக்கையை நிரப்பிக் கொடுக்க வேணும். கார்ப்பெட் கறை, ஒவன் அடுப்பின் உட்புறம், சுவர்க் கீறல் எல்லாவற்றையும் அதில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். எழுதாமல் விட்ட கறைக்கு, வீட்டை விடும்போது உங்கள் பொண்டில்தான் கை வைப்பார்கள்.

491 விசாவுக்கு மெடிகெயார் (அரச மருத்துவக் காப்புறுதி) உண்டு, போனதும் பதியுங்கள். மெல்பேண், சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் குடியிருக்க முடியாது. மூன்று வருடத்துக்குப் பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போடும்போது மூன்று வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

சாம்பல்தீவு சிவா
வெயில் வேற மாதிரி. திருகோணமலையில் வருட மழை 1,500 மில்லிமீற்றரைத் தாண்டும். அங்கே 300 கூட வராது. தோட்டமெல்லாம் மர்ரே ஆற்றுப் பாசனத்தில்தான் நிற்கிறது. கோடையில் 40 பாகை தாண்டும் நாட்கள் உண்டு. நம்மூரில் கச்சான் அடிக்கிற பகலைப் போல வறட்சி. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் பிள்ளைக்குத் தண்ணீர் குறைவது வெளியில் தெரியாது. கேட்காவிட்டாலும் தண்ணீர் குடுங்கோ.

பல வீடுகளில் கூரையில் ஆவிக் குளிர்விப்பான் இருக்கும். ஈரமான அட்டைக்கூடாகக் காற்றை இழுத்துக் குளிராக்கும் கருவி அது. ஏசி என்று நினைத்து ஜன்னலை மூடினால் ஈரம் வீட்டுக்குள்ளேயே தங்கிப் புழுங்கும். அறைக்கு ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்து விடவேணும். புழுதிப் புயல் வந்தால் உடனே நிற்பாட்டுங்கள், இல்லையென்றால் தூசியையும் சேர்த்து இழுக்கும். ஜூலை இரவில் சராசரி 4 பாகைதான், உறைபனியும் விழும். வீடு பார்க்கும்போது ஹீட்டரைப் போட்டுப் பாருங்கோ. பிரதான அறையில் பொருத்திய ஹீட்டர் இருப்பது விக்டோரியாவில் சட்டம்.

கார் இல்லாமல் சரிவராது. மெல்பேண் ஏறக்குறைய 540 கிலோமீற்றர், பயணிகள் ரயில் 1993இலேயே நின்றுவிட்டது. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கங்காரு றோட்டுக்குக் குறுக்கே பாயும். அப்போது ஸ்டியரிங்கை வெட்டினால் கார் பிரளும். நேரே வைத்துப் பிரேக் பிடிக்க வேணும்.

நிலாவெளி மதி
வாணி, பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். அது தோடை, எலுமிச்சைக் குடும்பம். அதில் ஒட்டும் ஒரு சிறு பூச்சி தோடை மரத்தைக் கொல்லும் நோயைக் காவும். மில்டூராவில் தோடைதான் பலருடைய பிழைப்பு, ஒரு கொத்து இலைகூட விளையாட்டில்லை. அங்கேயே நாற்று வாங்கித் தொட்டியில் வைத்து, குளிர் மாதங்களில் வெயில் படுகிற சுவரோரம் ஒதுக்குங்கோ. தூள், மாசி என்று சாப்பாட்டுச் சாமான் எது கொண்டு போனாலும் வருகை அட்டையில் “ஆம்” என்று போடுங்கோ. காட்டினால் கூடிப்போனால் எடுத்து வைப்பார்கள். மறைத்தால் பெரிய தண்டம்.

உவர்மலை வாணி
நன்றி அக்கா. ஆத்தில மீன் பிடிக்கலாமா? இவர் தூண்டில்காரர்.

நிலாவெளி மதி
பிடிக்கலாம். ஆனால் மில்டூரா விக்டோரியாவில் இருந்தாலும் ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். அந்த மாநில லைசன்ஸ்தான் வேணும். மர்ரே கொட் மீனை செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் முடியும்வரை பிடிக்கத் தடை; மற்ற மாதங்களில் 55இலிருந்து 75 சென்ரிமீற்றர் வரை உள்ளதைத்தான் வைத்திருக்கலாம். கார்ப் மீன் எவ்வளவும் அகப்படும், முள்ளும் சேற்று வாடையும் கூட. தோலையும் நடுவில் ஓடும் சிவப்புத் தசையையும் வெட்டி எறிந்துவிட்டுப் புளி கூட்டிக் காய்ச்சினால் வாடை போகும்.

கடல் மீன் வாங்க அடிலெயிட் போனால், தென் அவுஸ்திரேலிய மாநில எல்லைப் பக்கம் யம்பா சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். பழம், தக்காளி, பச்சை மிளகாய் ஒன்றும் காரில் இருக்கக் கூடாது. பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கோ.