'தி ஃபாதர்' படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா?

பாம்பன் மகள்:
அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலையை யாரோ திருடிவிட்டதாகத் தினமும் சண்டை. அதை விற்று வருஷக்கணக்காகிறது. "நீங்கதானே வித்தீங்க" என்று அம்மா சாட்சியோடு நிரூபிக்கப் பார்க்கிறாள், அழுகையில்தான் முடிகிறது. போன வாரம் 'தி ஃபாதர்' (2020) பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பணிப்பெண் திருடிவிட்டாள் என்று மறதி நோயுள்ள அப்பாவாக வரும் அந்தோணி ஹாப்கின்ஸ் அடித்துச் சொல்கிறார். அப்படியே எங்கள் வீடு. இதைக் காட்டினால், அப்பா வேண்டுமென்றே செய்யவில்லை என்று அம்மாவுக்குப் புரியுமா? இல்லை, பயந்துவிடுவாளா? ஆங்கிலம் தெரியாது, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடம் வாத்தியார்:
காட்டுங்கம்மா. கதையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீங்க. வீட்டுச் சாமான்கள் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். மகள் ஆன் என்று ஒலிவியா கோல்மன் வருவார், அப்புறம் வேறொரு பெண் வந்து "நான்தான் ஆன்" என்பார். யார் வீடு, யார் மகள் என்று பார்க்கிற நமக்கே பிடிபடாது. அந்தத் தவிப்பை அம்மா கொஞ்ச நேரம் பட்டால் போதும். மோகன்லாலின் 'தன்மாத்ரா' (2005) நோயாளியின் குடும்பத்தோடு நம்மையும் அழவைக்கும். 'தி ஃபாதர்' நோயாளியின் தலைக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோய் வைக்கிறது. ஹாப்கின்ஸுக்கு 83 வயதில் ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கடைசிப் பத்து நிமிடம் வேண்டாம், அம்மா தாங்க மாட்டாங்க.

மண்டபம் நர்ஸ்:
படம் இருக்கட்டும் தங்கச்சி, வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தாச்சா? அதில் கோளாறு இருந்தாலும் மறதி வரும், மருந்தில் தேறவும் வாய்ப்புண்டு. அம்மா மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கு, இலவசம், தமிழிலேயே பேசலாம். மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடச் சொல்லும் சொந்தக்காரர்கள் வருவார்கள். துஆ கேட்கப் போங்க, தனியாக மட்டும் விட்டுவிட்டு வராதீங்க. 2001இல் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் போனதை இந்தக் கரையில் யாரும் மறக்கக் கூடாது.

பாம்பன் மகள்:
பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாச்சு அக்கா, சரியாகத்தான் இருக்கு. சார், நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. "பாலத்தை யாரோ மாத்திட்டாங்க" என்று அப்பா ஒருநாள் கத்தினார். அது நிஜம்தானே! பாம்பனின் பழைய 1914 ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கிக்கொண்டிருந்தது, 2025இல் திறந்த புதுசு நேரே மேலே போகிறது. அம்மாவும் "ஆமா, மாத்திட்டாங்க" என்றாள். அன்றைக்கு மட்டும் அவர் சண்டை போடாமல் சாப்பிட்டார். வலை விஷயத்திலும் அம்மா அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கின பிறகு போட்டுக் காட்டுகிறேன்.