வசனம் மட்டும் அமுங்கிப் போகிறது: வேலூர் பக்கம் ஆடியோ தெரிந்தவர்கள் உதவவும்

2024-ல் மனசுக்குப் பிடித்த 'வாழை', 'மெய்யழகன்', 'லப்பர் பந்து', 'கொட்டுக்காளி' நாலையும் ஞாயிறு முதல் காட்பாடி வீட்டு மொட்டை மாடியில் குடும்பத்தோடு பார்க்க ஏற்பாடு. படம் பளிச்சென்று விழுகிறது. பாட்டும் வண்டிச் சத்தமும் காதைப் பிளக்க, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. பேச்சும் சுற்றுப்புற ஒலியும்தான் படம். அதை இப்படிப் போட மனசு வரவில்லை.

இணைப்பு: டிவி ஸ்டிக், ப்ரொஜெக்டர். ப்ரொஜெக்டரின் 3.5 எம்.எம். ஹெட்போன் ஜாக்கிலிருந்து 6.3 எம்.எம். ஸ்டீரியோ பின் வைத்த ஒற்றைக் கேபிள், மிக்ஸரின் ஒரே லைன் இன்புட்டுக்கு. பிறகு 2 பவர்டு (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும்) ஸ்பீக்கர்.

ஸ்டிக்கில் டால்பியை அணைத்து ஸ்டீரியோ வைத்தாச்சு. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மாற்றியாச்சு. மிக்ஸரில் மிட் (நடுத்தர சுருதி) குமிழை ஏற்றினால் இரைச்சல்தான் கூடுகிறது. அதே ஜாக்கில் ஹெட்போன் போட்டால் வசனம் துல்லியம். அதே கேபிளில் போனைச் சொருகினால் இதே கோளாறு. மிக்ஸரில் பின்னைப் பாதி வெளியே இழுத்தால் வசனம் வந்துவிடுகிறது! மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் (பின்னில் வரும் இரு சிக்னல்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் வகை) இடது சேனலிலிருந்து வலதைக் கழிப்பதால், இரண்டிலும் சமமாக இருக்கும் வசனம் அடிபடுகிறது என்பது என் கணிப்பு.

ஒரு 3.5 ஸ்டீரியோ பின், இரண்டு 6.3 மோனோ பின்னாகப் பிரியும் கேபிள், 3 மீட்டராவது நீளத்தில், வேலூரில் எந்தக் கடையில் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்?