போலீஸ் சுட்டு இறந்தவருக்காக எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வணக்கம். கடந்த தை மாதம் சேர்வராயன் மலையடிவாரத்தில் போலீஸ் சுட்டதில் என் அத்தை மகன் இறந்துவிட்டார். அவர் மேல் இருந்தது ஒரு திருட்டு வழக்கு. அரிவாளால் வெட்ட வந்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்கிறார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலோ குண்டு முதுகு வழியாக நுழைந்ததாக இருக்கிறது.

இதுவரை பதிவானது ஒரே எஃப்ஐஆர். அதிலும் குற்றவாளி செத்தவர்தான்! 2014-இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: எஃப்ஐஆர் போட வேண்டும், சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம். இங்கே சுட்டவர்களின் ஸ்டேஷனே விசாரிக்கிறது.

மேலதிகாரிகளுக்கு மனு கொடுத்தோம், குறைதீர் நாளிலும் கொடுத்தோம். அத்தையின் மஞ்சள் பையில் ரசீதுகள்தான் சேருகின்றன. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போட்டால், அதன் 8(1)(எச்) பிரிவைக் காட்டி, விசாரணை நடக்கிறது, தர முடியாது என்று பதில்.

சேலத்தில் பார்த்த ஒரு வக்கீல், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 218-ஆம் பிரிவின்படி அரசு அனுமதி இல்லாமல் போலீஸ் மேல் வழக்கு நிற்காது என்றார். இன்னொருவர், போலி என்கவுன்ட்டர் கடமையில் சேராது, அனுமதி எதற்கு என்கிறார். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. விதிமுறையைப் பின்பற்றாவிட்டால் குடும்பத்தார் செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம் என்றும் அதே 2014 தீர்ப்பில் உண்டு.

இப்படி வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்கள்: முதலில் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் முறையிடுவதா, நேராகச் சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவதா?