காரை, கருடமங்கலம் மணற்கல்: கால்சைட் சிமெண்ட் எப்போது வந்தது?

இடம்: பெரம்பலூர் மாவட்டம், காரை, கருடமங்கலம் ஊர்ப் பகுதி, கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்து) மணற்கல். சுத்தியலுக்கு உடையாத உருண்டைகளைச் சுற்றி, கையால் உதிரும் மணல். இந்தக் கெட்டிக்குக் காரணமான, மணிகளை ஒட்டவைக்கும் சிமெண்டான கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), மணல் புதைந்த தொடக்கத்திலேயே படிந்ததா, அல்லது பிற்காலத்தில் பாறை நிலமட்டத்துக்கு மேலே வந்த பிறகு சுண்ணாம்புச் சுக்கானாகச் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்புக் கட்டி) சேர்ந்ததா? இங்குதான் சிக்கல்.

செய்து பார்த்தவை: உதிரும் பகுதியை 60 டிகிரியில் உலர்த்தி, வெற்றிடத்தில் நீல எபாக்ஸி பிசின் ஊட்டி, 30 மைக்ரான் தடிமனுக்குச் சீவிய தின் செக்‌ஷன். (நீலம் இல்லாத ஓட்டைகள் தேய்க்கும்போது மணி பெயர்ந்தவை, கணக்கில் சேர்க்கவில்லை.) உருண்டையில் 300 புள்ளி எண்ணியதில் சிமெண்ட் ஏறக்குறைய 40 சதவீதம், குவார்ட்ஸ் மணிகள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கின்றன. உருண்டைக்கு வெளியே மணிகள் நெருங்கி அடுக்கியிருக்கின்றன, அழுத்தத்தால் மைக்கா வளைந்திருக்கிறது. இதுவரை பார்த்தால் அழுத்தத்துக்கு முன்பே இறுகியதாகத்தான் தெரிகிறது. ஆனால் சுக்கானும் வளரும்போது மணிகளைத் தள்ளிப் பிரிக்கும் என்பதால் நம்ப முடியவில்லை.

1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலிசரின் ரெட் எஸ், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 3:2 கலவையில் 40 நொடி சாயமேற்றினால் எல்லாம் இளஞ்சிவப்பு. நீலம் துளியும் இல்லை, அதாவது இரும்பு கலக்காத கால்சைட். இது இரு விடைகளுக்குமே பொருந்தும். படிகங்கள் பெரிய ஸ்பார் (கண்ணாடி போன்ற பருமணிக் கால்சைட்). சுக்கானில் எதிர்பார்க்கும் வேர்த்தடமோ மைக்ரைட்டோ (நுண்மணிக் கால்சைட்) காணவில்லை.

கேத்தோடோலூமினசென்ஸ் (எலக்ட்ரான் கற்றை பட்டுக் கனிமம் ஒளிர்வதைப் பார்ப்பது), ஐசோடோப் ஆய்வு வசதி கிடையாது. சாதாரண பெட்ரோகிராபிக் (பாறை ஆய்வு) நுண்ணோக்கியில் தொடக்கச் சிமெண்ட், பிற்காலச் சுக்கான் இந்த இரண்டையும் உறுதியாகப் பிரித்துக்காட்டும் அடையாளம் எது?