ஜப்பானில் குடிக்காதவன் மாலைகளை எப்படிக் குறைப்பது?

கேட்டவர்: மூன்றாம் மாடி

டோக்கியோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நிஷி-கசாயில் இருபது சதுர மீட்டர் அறை. மூன்று பெட்டிச் சாமானோடு வந்தவன், ஒரு பெட்டி அளவுக்குக் குறைத்துவிட்டேன். அம்மா பிடிவாதமாகக் கொடுத்தனுப்பிய டேபிள் டாப் கிரைண்டர் மட்டும் மிச்சம். இங்கே மின்சாரம் 100 வோல்ட். போட்டால் கல் சுற்றாமல் முனகுகிறது. 30 சென்டிமீட்டரைத் தாண்டிய பொருள் என்பதால் சாதாரணக் குப்பையோடு வைக்கவும் முடியாது. முன்பதிவு செய்து, கடையில் சீட்டு வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். 23ஆம் தேதிக்குப் பதிந்திருக்கிறேன்.

சாமானைக் குறைத்த எனக்கு மாலைகளைக் குறைக்கத் தெரியவில்லை. மாதத்துக்கு மூன்று நோமிகாய், அதாவது அலுவலகக் குடி விருந்து. யாரோ புதிதாக வருகிறார், யாரோ மாற்றலாகிப் போகிறார், ஏதோ வேலை முடிகிறது. உடனே அலுவலகமே இசகாயா என்னும் குடிக்கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம், தலைக்கு 5,000 யென். நான் குடிப்பதில்லை, மீனும் தொடுவதில்லை. எடமாமே காய்களை உரித்துத் தின்று, இஞ்சிச் சோடா குடித்துவிட்டு, குடித்தவர்கள் அளவுக்கே காசு கொடுக்கிறேன். அதன் பிறகு நிஜிகாய் என்று இரண்டாவது கடை வேறு.

முதல் தடவை தப்பிப்பதற்காக, மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை பிரிவுத் தலைவர், "மருந்து முடிந்திருக்குமே" என்று மகிழ்ந்துபோய், இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து எனக்கு ஊற்ற வந்தார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றேன். பக்கத்து மேசைக்காரர் நல்ல மருத்துவமனை ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்தார். இனிமேல் போகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: பழைய தோசாய்ப் பயணி

தம்பி, நம் ஊரில் குடித்தவன் பொய் சொல்வான். நீங்கள் குடிக்காததற்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். மருந்துக்கு முடிவுத் தேதி உண்டு என்பதுதான் அதில் உள்ள கோளாறு.

பதின்மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்; நானும் குடிப்பதில்லை. என்னைக் காப்பாற்றியது ஓர் உயிரெழுத்து. "நோமனாய்" என்றால் குடிக்கமாட்டேன். "நோமெனாய்" என்றால் குடிக்க முடியாது. முதலாவதைச் சொன்னால் ஏன், மதமா, ஒரே ஒரு கிளாஸ் கூடாதா என்று பேச்சு வளரும். இரண்டாவதைச் சொன்னால் "ஓ, கெக்கோவா" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். குடி ஒத்துக்கொள்ளாதவருக்கு இங்கே வழங்கும் பழைய பெயர் அது. மது உடம்பில் அசிடால்டிஹைடாக மாறுகிறது. அதை உடைக்கும் நொதி ஜப்பானியர் பலருக்குப் பிறவியிலேயே பலவீனம். அரை கிளாஸில் கழுத்துவரை சிவந்துபோகிற சகஊழியரை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் "முடியாது" என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

அதுவும் பொய்தானே என்பீர்கள். வளர்ந்த வீட்டால் முடியாமல் போவதும் முடியாமைதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

போகாமல் இருக்காதீர்கள். மூன்றில் ஒன்றுக்குப் போங்கள், ஆனால் முழு மனதோடு போங்கள். எல்லோரும் கிளாஸைத் தூக்கி "கன்பாய்" (சியர்ஸ்) சொல்லும்வரை எதையும் வாயில் வைக்காதீர்கள். கிளாஸை முட்டும்போது தலைவருடையதைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் கிளாஸ் காலியாகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். இங்கே யாரும் தனக்குத்தானே ஊற்றிக்கொள்வதில்லை. நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதைவிட அவருக்கு ஊற்றினீர்களா என்பதுதான் நினைவில் நிற்கும். முடிவில் எல்லோரும் கைதட்டிவிட்டுத் தெருவில் கூட்டமாக நிற்பார்கள் இல்லையா, அந்த இரண்டு நிமிடத்தில் குனிந்து வணங்கிவிட்டு ரயிலுக்கு நடந்துவிடுங்கள். முதல் சுற்றுக்கு வந்தவனை நிஜிகாய்க்கு வரவில்லையென்று யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பதில்: மாவு புளித்தது

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஊற்றுவதைப் பற்றி மட்டும் ஒரு சொல். பெண்கள் இருந்தால் சாலட்டைப் பிரித்து வைப்பது, பாட்டிலோடு மேசை மேசையாகச் சுற்றுவது எல்லாம் தானாகவே எங்கள் தலையில் வந்து விழும். இரண்டு வருடம் செய்தேன். பிறகு வேறு வழி கண்டுபிடித்தேன்.

கான்ஜி வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் கஞ்சி இல்லை. கடையைப் பிடித்து, ஆள் கணக்கு எடுத்து, காசு வசூலிப்பவர். யாருக்கும் பிடிக்காத வேலை, இளையவர்கள் தலையில் கட்டுவார்கள். நீங்களே கேட்டால் கும்பிட்டுக் கொடுப்பார்கள். அதன் பிறகு கடை உங்கள் கையில். மீன் சாறு கலக்காமல் என்ன கிடைக்கும் என்று முன்பே தொலைபேசியில் கேட்கலாம். குடிக்காதவருக்கு 1,500 யென் குறைவு என்று நான் அழைப்பிலேயே எழுதிவிடுவேன். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால் கஞ்சத்தனம், முன்கூட்டியே எழுதினால் ஒழுங்கு. அப்படி எழுதிய முதல் மாதமே, அதுவரை ஒன்றும் சொல்லாமல் முழுக் காசு கொடுத்துவந்த நான்கு ஜப்பானியர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஊலாங் தேநீரும் ஊலாங்-ஹையும் கிளாஸில் ஒரே நிறம். இரண்டாவதில் ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயம் கலந்திருக்கும். கடைக்காரர் மாற்றி வைத்துவிட்டுப் போய், ஒரு வாய் குடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பல கடைகளில் மது உள்ளதில் மட்டும் கலக்கும் குச்சி போட்டுத் தருவார்கள், ஆனாலும் முகர்ந்து பாருங்கள்.

கிரைண்டரைக் குப்பையில் போடாதீர்கள்! என்னிடம் வோல்டேஜ் ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

பதில்: ஒரு கிளாஸ்

நான் குடிப்பவன். கிளாஸ் காலியானால் நிரப்புவார்கள், நிறைந்திருந்தால் தொடமாட்டார்கள். எனவே ஒரே பீரை இரண்டு மணி நேரம் வைத்திருப்பேன். குடிப்பவர்களுக்கும் மாலையைக் குறைக்கும் ஆசை உண்டு, நண்பரே. சைக்கிளில் மட்டும் போகாதீர்கள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். 2024 நவம்பர் முதல் லேசான போதையில் ஓட்டினாலும் தண்டனை.

இங்கே முதலாளியே எனக்கு ஊற்றுகிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், நாற்பத்து மூன்று வயதில், அப்பா தூங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறேன்.

மூன்றாம் மாடி:

வெள்ளிக்கிழமை "நோமெனாய்" சொன்னேன். பிரிவுத் தலைவர் மருந்தைப் பற்றிக் கேட்டார். மருந்து முடிந்தது, ஆனாலும் முடியாது என்றேன். "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு ஊலாங் தேநீரை எடுத்து, அதே போல இரண்டு கையாலும் ஊற்றினார். ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். டிசம்பர் மாதக் கூட்டத்துக்கு நான்தான் கான்ஜி.

மாவு புளித்தது அக்கா, 23ஆம் தேதிப் பதிவை ரத்து செய்துவிட்டேன். ஞாயிறு மாலை கிரைண்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறேன். உளுந்தும் கொண்டுவர வேண்டுமா?